505 கேபியிலிருந்து 7 கேபிக்கு: ஒரு பதிப்பகத் தளத்தின் சிஎஸ்எஸ் எடையைக் குறைத்த அனுபவம்

பின்னணி

இலக்கியமும் வட்டார வரலாறும் வெளியிடும் ஒரு சிறிய தமிழ்ப் பதிப்பகம். உரிமையாளர், அவருடைய மகள், மெய்ப்பு பார்க்கும் ஒரு பெரியவர், கணக்கையும் பார்சலையும் கவனிக்கும் இருவர், அவ்வளவுதான் அலுவலகம். ஏறக்குறைய 400 தலைப்புகள் விற்பனையில் இருக்கின்றன. இணையதளத்தை 2017இல் வெளியாள் ஒருவர் செய்து கொடுத்திருந்தார். கடைகளுக்கென்று விற்கப்படும் ஒரு தயார் வடிவமைப்பை விலைக்கு வாங்கி, அதன் மேல் தேவையானதைச் சேர்த்திருந்தார். அப்புறம் இரண்டு பேர் கை மாறி, 2022இல் பராமரிப்பு எங்களிடம் வந்தது. நாங்கள் மூன்று பேர். சர்வர் படுத்துவிடாமல் பார்ப்பது, ஆர்டர் வந்தால் மின்னஞ்சல் போகிறதா என்று கவனிப்பது, புதிய புத்தகம் ஏற்றுவது என்றுதான் எங்கள் வேலை இருந்தது. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்புகளை ஒரு வருடம் வரை நாங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்ததால் தொடவேண்டிய தேவை வரவில்லை.

2023 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு அவர்கள் அரங்கு எடுத்தார்கள். பத்துக்குப் பத்து அடியில் 400 தலைப்புகளையும் அடுக்க முடியாது. அதனால் நன்றாக விற்கும் 120 தலைப்புகளை மட்டும் கொண்டுவந்து, மற்றவற்றுக்கு ஒரு க்யூஆர் கோடு ஒட்டுவது என்று முடிவு செய்தோம். வாசகர் ஸ்கேன் செய்தால் முழு நூல் பட்டியல் திறக்கும்; வேண்டியதை அங்கேயே ஆர்டர் செய்துவிட்டால் வீட்டுக்குப் பார்சல் வரும். யோசனை எங்களுடையது என்பதால் ஒரு சனிக்கிழமை மாலை நானும் அரங்கில் போய் நின்றேன்.

ஜனவரி: அரங்கில் கண்டது

நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் விடுமுறை நாள் மாலைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். போனில் சிக்னல் கோடுகள் முழுதாக இருக்கும், ஆனால் எதுவும் நகராது. அந்த மாலையில் என் கண் முன்னே இருபது பேருக்கு மேல் அந்தக் கோடை ஸ்கேன் செய்தார்கள். கல்லூரி மாணவி ஒருவர் ஸ்கேன் செய்ததும் நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். தள முகவரி மேலே வந்துவிட்டது. கீழே முழுக்க வெள்ளை. பதினொன்று வரை எண்ணினேன். "லோட் ஆகல அண்ணா" என்று சொல்லிவிட்டு அவர் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் தேடி வந்தது ஒரு பயண நூல். எங்களிடம் இருந்தது, பட்டியலின் முதல் திரையிலேயே.

உரிமையாளரிடம் சொன்னேன். "தம்பி, இங்க நெட்டே இல்ல. நம்ம சைட் என்ன பண்ணும்?" என்றார். நானும் முதலில் அதைத்தான் நம்பினேன். அரை மணி நேரம் கழித்து ஒன்றைக் கவனித்தேன். அதே இடத்தில், அதே போன்களில், புத்தகத்துக்குப் பணம் கட்டுவது நடந்துகொண்டிருந்தது. யுபிஐயில் பணம் போக இரண்டு மூன்று நொடி கூடுதலாக ஆனது, ஆனால் போனது. அதாவது நெட் இல்லாமல் இல்லை, மெல்லியதாக இருந்தது. மிகக் குறைந்த தரவை அனுப்பிப் பெறும் செயலி அந்த மெல்லிய இழையிலும் வேலை செய்தது. எங்கள் பக்கத்தால் அது முடியவில்லை.

அன்று இரவு சர்வர் பதிவுகளைப் பார்த்தேன். க்யூஆர் வழியாக வருபவர்களை அடையாளம் காண முகவரியின் கடைசியில் ஒரு சிறு குறி சேர்த்திருந்தோம். அந்தக் குறியோடு வந்தவர்கள் எல்லோருக்கும் பக்கத்தின் எச்டிஎம்எல், அதாவது எழுத்தும் அமைப்பும் உள்ள கோப்பு, முழுதாகப் போயிருந்தது. அடுத்த வரிகளில்தான் விஷயம் இருந்தது. 'ஃபாண்ட்ஸ்' என்ற பெயருள்ள சிஎஸ்எஸ் கோப்பின் அளவு 2,40,000 பைட்டுக்குச் சற்று மேல். பதிவில் ஒவ்வொரு முறையும் எத்தனை பைட் அனுப்பப்பட்டது என்ற எண் இருக்கும். பல வரிகளில் அது 61,000 என்றும் 1,10,000 என்றும் பாதியில் நின்றிருந்தது. கோப்பு போய்ச் சேர்வதற்குள் அந்த முனையில் யாரோ பக்கத்தை மூடிவிட்டார்கள். அப்படி ஒவ்வொரு வரியும் அரங்கின் முன் நின்று போனைப் பைக்குள் வைத்துக்கொண்ட ஒருவர். புத்தகம் வாங்கும் எண்ணத்தோடு வந்தவர்.

பக்கம் ஏன் வெள்ளையாக நிற்கிறது

அலுவலகத்துக்கு வந்ததும் அதே நிலைமையைச் செயற்கையாக உருவாக்கினோம். ஒரு நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போனைக் கணினியோடு இணைத்து, குரோமின் டெவலப்பர் கருவியில் வேகத்தை நொடிக்கு 400 கிலோபிட் என்றும், ஒரு தகவல் போய்த் திரும்பும் நேரத்தை 400 மில்லிநொடி என்றும் கட்டுப்படுத்தினோம். ஐந்து முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுத்துக்கொண்டோம். முதல் எழுத்து திரையில் தெரிய 14.2 நொடி.

பிரவுசர் ஏன் காத்திருக்கிறது என்பதை உரிமையாளரின் மகளுக்கு விளக்க வேண்டியிருந்தது. செலவுக்கு ஒப்புதல் தர வேண்டியவர் அவர். பக்கத்தின் தலைப்பகுதியில் குறிப்பிடப்பட்ட சிஎஸ்எஸ் கோப்புகள் அத்தனையும் வந்து சேர்ந்து, படித்து முடியும்வரை பிரவுசர் எதையும் வரையாது. சிஎஸ்எஸ்ஸில் உள்ள தோற்ற விதிகளில் பாதியை வைத்து வரைந்துவிட்டு, மீதி வந்ததும் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டால் படிப்பவருக்கு இன்னும் மோசமாக இருக்கும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். படங்கள் தாமதமாக வந்தால் படத்தின் இடம் மட்டும் காலியாக இருக்கும். சிஎஸ்எஸ் தாமதமானால் பக்கமே இருக்காது. ஏற்கெனவே வந்துவிட்ட புத்தகப் பெயரும் விலையும்கூடப் போனுக்குள் இருந்துகொண்டே திரையில் தெரியாமல் காத்திருக்கும்.

"அப்போ புத்தகத்தோட பேரு போன்ல வந்துருச்சு, ஆனா காட்ட மாட்டேங்குதா?" என்று கேட்டார். ஆமாம். அந்த ஒரு கேள்வியோடு ஒப்புதல் கிடைத்துவிட்டது.

எடை எங்கிருந்து வந்தது

பட்டியல் பக்கம் ஏழு சிஎஸ்எஸ் கோப்புகளைக் கேட்டது. சுருக்காமல் விரித்த நிலையில் மொத்தம் 678 கேபி (கிலோபைட்). ஒவ்வொன்றும் ஒரு நியாயமான காரணத்தோடுதான் வந்திருக்கிறது என்பது தோண்டத் தோண்டத் தெரிந்தது.

பூட்ஸ்ட்ராப் என்ற தயார் சிஎஸ்எஸ் தொகுப்பின் 3.3.7 பதிப்பு சுமார் 120 கேபி. பத்திகளாகப் பிரிக்கும் கட்டமைப்புக்காகவும் நான்கு பொத்தான்களுக்காகவும் சேர்த்தது. அதன் மூன்றாம் பதிப்புக்கான பராமரிப்பு 2019இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஃபாண்ட் ஆசம் 4.7க்கு 31 கேபி. கூடை, தேடல், தொலைபேசி, வாட்ஸ்அப் என்ற நான்கு சின்னங்களுக்கு நூற்றுக்கணக்கான சின்னங்களின் விதிகள் வந்தன. அதற்கு மேல் 77 கேபி எழுத்துருக் கோப்பு தனியாக. அட்டைப்படங்கள் மெல்லத் தோன்றுவதற்காக அனிமேட் சிஎஸ்எஸ், 53 கேபி. அதிலிருந்து ஒரே ஒரு அசைவைப் பயன்படுத்தியிருந்தார்கள். வாங்கிய வடிவமைப்பின் கோப்பு 190 கேபி: துணிக்கடை, நகைக்கடை, உணவகம் என எல்லாவற்றுக்குமான விதிகள் அதில் இருந்தன. 'கஸ்டம்' என்ற கோப்பு 38 கேபி. அதில் பெரும்பாலான வரிகள் 190 கேபியில் உள்ளவற்றை ரத்து செய்ய எழுதப்பட்டவை. ஒரு விதியை இன்னொன்று மீறாமலிருக்க 'இம்பார்ட்டன்ட்' என்று போடுவோமே, அது நானூறு இடங்களுக்கு மேல். படங்கள் நகரும் பட்டைக்கு 6 கேபி.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஃபாண்ட்ஸ் கோப்பு, 240 கேபி. உரிமையாளருக்குப் பிடித்த ஒரு தமிழ் எழுத்துருவின் சாதாரண வடிவமும் தடித்த வடிவமும் அதில் இருந்தன. 90 கேபி வீதம் இரண்டு வாஃப் (இணைய எழுத்துரு வடிவம்) கோப்புகளை பேஸ்64 எழுத்துகளாக மாற்றி சிஎஸ்எஸ்ஸுக்கு உள்ளேயே ஒட்டியிருந்தார்கள். அப்படி மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பதால் 180 கேபி 240 ஆகியிருந்தது. எழுத்துரு தனிக் கோப்பாக இருந்தபோது வேறு எழுத்தில் தெரிந்து பிறகு மாறுகிறது என்று யாரோ குறைப்பட்டிருக்கிறார்கள். அதைத் தடுக்க இப்படிச் செய்ததாக 2018ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று கோப்பின் தலையிலேயே இருந்தது. செய்தவர் அலட்சியக்காரர் இல்லை. கேட்ட பிரச்சினையை அவர் தீர்த்திருக்கிறார். ஆனால் ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. அதை வைத்து உடனே காட்டியிருக்கக்கூடிய புத்தகப் பெயரை, அழகான எழுத்து வந்து சேரும்வரை நாம் மறைத்து வைத்திருந்தோம். இந்த வேலை முழுவதிலும் என்னை அதிகம் உறுத்தியது இதுதான்.

இன்னும் இரண்டு சங்கதிகள். வடிவமைப்புக் கோப்பின் முதல் வரிகளில் 'இம்போர்ட்' என்று போட்டு வேறு இரண்டு கோப்புகளை அழைத்திருந்தார்கள். அந்தக் கோப்பு வந்து பிரித்த பிறகுதான் மற்றவை தேவை என்பதே பிரவுசருக்குத் தெரியும். ஒன்றாகக் கிளம்பியிருக்க வேண்டியவை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. அடுத்தது சர்வர். என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில், கோப்புகளைச் சுருக்கி அனுப்பும் ஜிஜிப்பை யாரோ இயக்கியிருந்தார்கள். ஆனால் எந்தெந்த வகைக் கோப்புகளைச் சுருக்க வேண்டும் என்ற பட்டியலை எழுதவில்லை. எழுதாவிட்டால் அது எச்டிஎம்எல்லை மட்டுமே சுருக்கும். ஒரு வருடமாக சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தது நாங்கள்தான். 'ஜிஜிப் ஆன்' என்ற வரியைப் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறோம். இது எங்கள் பிழை.

பூட்ஸ்ட்ராப், ஃபாண்ட் ஆசம், அனிமேட் மூன்றும் வெளியே இரண்டு பொது சர்வர்களிலிருந்து சுருக்கப்பட்டு வந்தன, சேர்த்து 31 கேபி. எங்கள் சர்வரிலிருந்து வந்தவை அப்படியே 474 கேபி. ஆக, காற்றில் வர வேண்டியது 505 கேபி. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால், நொடிக்கு 400 கிலோபிட்டில் அதற்கு மட்டுமே பத்து நொடி. மீதி நான்கு நொடியை இணைப்புகளை ஏற்படுத்துவதும், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பதும், போட்டிக்கு வந்த படங்களும் எடுத்துக்கொண்டன.

குரோமின் கவரேஜ் கருவியில் எழுத்துருவைக் கழித்துவிட்டு மற்ற 438 கேபியைப் பார்த்தோம். பட்டியல் பக்கத்தில் 91 சதவீதம் பயன்படவே இல்லை.

எடுத்த முடிவுகள், விட்ட வழிகள்

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா. அதற்குள் முடிக்க வேண்டும் என்பதே கெடு. பழைய தளத்தை வைத்துக்கொண்டே குறைப்பதா, புதிதாகக் கட்டுவதா என்று பேசினோம்.

பூட்ஸ்ட்ராப்பின் ஐந்தாம் பதிப்புக்கு மாறலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அது மூன்றாம் பதிப்பைவிடப் பெரியது. எடையைக் குறைக்கப் போய்க் கூட்டிக்கொள்வதாக ஆகியிருக்கும். டெயில்விண்ட் என்ற இன்னொரு சிஎஸ்எஸ் கருவி பொருத்தமானதுதான், எச்டிஎம்எல்லில் பயன்படுத்திய கிளாஸ் பெயர்களுக்கு மட்டுமே விதிகளை உருவாக்கும். ஆனால் இருபதுக்கு மேற்பட்ட பக்க வார்ப்புகளின் எச்டிஎம்எல்லை முழுக்க மாற்றி எழுத வேண்டும். அதைவிட முக்கியம், பதிப்பகத்தில் பார்சல் பார்க்கும் இளைஞர் சாதாரண சிஎஸ்எஸ் கற்றுக்கொண்டு அவ்வப்போது நிறம், இடைவெளி மாற்றுவார். அவர் கையிலிருந்து அதைப் பிடுங்க நாங்கள் விரும்பவில்லை. எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு பொது சர்வரிலிருந்தே வரட்டும், வேறு தளங்களுக்குப் போனவர்களின் பிரவுசரில் ஏற்கெனவே சேமிப்பில் இருக்குமே என்ற வாதமும் வந்தது. ஒரு காலத்தில் அது உண்மை. 2020இல் குரோம் ஒவ்வொரு தளத்துக்கும் சேமிப்பைத் தனித்தனியாகப் பிரித்த பிறகு அந்தப் பயன் இல்லை. வேறு சர்வருக்கு இணைப்பு ஏற்படுத்தும் தாமதம் மட்டும் மிஞ்சுகிறது.

கடைசியில் எடுத்த முடிவு: எழுத்துருவை சிஎஸ்எஸ்ஸிலிருந்து வெளியே எடுப்பது, சுருக்கத்தைச் சரிசெய்வது, பயன்படாத விதிகளை பர்ஜ்சிஎஸ்எஸ் கருவியால் நீக்குவது, மிஞ்சுவதைக் கையால் ஒழுங்குபடுத்தி, ஒரே கோப்பாக எங்கள் சர்வரிலிருந்தே அனுப்புவது.

முதல் திரைக்கான விதிகளை மட்டும் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எழுதிவிடுவது பரவலாகச் சொல்லப்படும் வழி. அதையும் முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டோம். எங்கள் வாசகர் பட்டியலிலிருந்து புத்தகப் பக்கத்துக்கும், அங்கிருந்து கூடைக்கும் போகிறவர். உள்ளே எழுதியது ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பத் திரும்ப வரும்; தனிக் கோப்பென்றால் ஒருமுறை வந்து பிரவுசரில் தங்கிவிடும். புதிய இணைப்பில் சர்வர் பொதுவாக முதல் சுற்றில் பத்துத் தரவுப் பொட்டலம், அதாவது சுமார் 14 கேபி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். எச்டிஎம்எல் சுருக்கத்தோடு 6 கேபி. சிஎஸ்எஸ்ஸும் அதே அளவுக்கு வந்துவிட்டால் ஒரு சுற்றில் பக்கம், அடுத்த சுற்றில் தோற்றம் என்று முடிந்துவிடும். அதற்கு மேல் சிக்கலாக்கத் தேவை இருக்கவில்லை.

எழுத்துருவும் 'ஸ்ரீ'யும்

எழுத்துருவில் தொடங்கினோம். உரிமம் திறந்த உரிமம்தான், குறைத்து வெட்டிப் பயன்படுத்த அனுமதி இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டோம். (இதைப் பார்க்காமல் யாரும் எழுத்துருவில் கத்தி வைக்க வேண்டாம்.) உள்ளே பல ஐரோப்பிய மொழிகளுக்கான எழுத்துகளும் இருந்தன. தமிழ், அடிப்படை ஆங்கில எழுத்து, எண்கள், நிறுத்தக்குறிகள் போதும் என்று ஓர் இணையக் கருவியில் போட்டு வெட்டினோம். வாஃப்2 வடிவத்தில் ஒவ்வொன்றும் 19 கேபிக்கு வந்தது. மகிழ்ச்சியோடு சோதனைத் தளத்தில் ஏற்றினோம்.

மறுநாள் காலை மெய்ப்பு பார்க்கும் பெரியவர் கூப்பிட்டார். "தம்பி, குறுந்தொகைப் பக்கத்தத் திறங்க. 'கு' உடைஞ்சு கெடக்கு. 'ஸ்ரீ'யும் சரியில்ல." பார்த்தோம். 'கு' என்ற இடத்தில் 'க' தனியாகவும், உகரக் குறி தனியாக ஒரு புள்ளி வட்டத்தை ஒட்டியும் நின்றன. 'டி' ஒட்டாமல் கிடந்தது. விலைக்கு முன்னால் வரும் ரூபாய்க் குறி வேறு ஏதோ எழுத்தில் தெரிந்தது.

காரணம் எளிது. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 'கு'வுக்கென்று தனி எண் கிடையாது. 'க' ஒன்று, உகரக் குறி ஒன்று. அவை இரண்டும் சேர்ந்து வந்தால் எந்த உருவத்தை வரைய வேண்டும் என்பது எழுத்துருவுக்குள் ஓர் அட்டவணையாக இருக்கும். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த அந்தக் கருவி, எண் இல்லாத உருவங்களையும் அட்டவணையையும் வேண்டாதவை என்று கருதித் தூக்கி எறிந்துவிட்டது. ஃபாண்ட்டூல்ஸ் தொகுப்பில் உள்ள வெட்டும் கருவி இதை ஒழுங்காகக் கையாளும். அதைக் கொண்டு, யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி முழுவதையும், ரூபாய்க் குறியையும், கண்ணுக்குத் தெரியாத இணைப்பு எழுத்துகள் இரண்டையும் சேர்த்து மறுபடி வெட்டினோம். ஒவ்வொன்றும் 27 கேபி. எட்டு கேபி கூடுதலாக ஆனது. அது தமிழ் தமிழாகத் தெரிவதற்கான விலை.

அதோடு ஒரு சோதனைப் பக்கமும் செய்தோம்: 247 எழுத்துகள், கிரந்த வரிசைகள், க்ஷ, ஸ்ரீ, தமிழ் எண்கள். எழுத்துருவைத் தொட்டால் அந்தப் பக்கத்தைப் பெரியவர் பார்த்துச் 'சரி' சொன்ன பிறகுதான் ஏற்றுவது என்று வழக்கமாக்கினோம். இன்றுவரை அவர்தான் பார்க்கிறார்.

எழுத்துரு வரும்வரை போனில் உள்ள எழுத்தில் காட்டிவிட்டு, வந்ததும் மாற்றும்படி அமைத்தோம். உரிமையாளருக்கு அந்த மாற்றம் கண்ணில் படுவது பிடிக்கவில்லை. அரங்கு நாளின் பதிவுகளை அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன். பாதியில் நின்ற எண்களைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, மாத்துங்க" என்றார்.

விதிகளை நீக்கியது

சுருக்கத்தைச் சரிசெய்ய என்ஜின்எக்ஸில் ஒரு வரி போதுமானதாக இருந்தது. வடிவமைப்புக் கோப்பு மட்டுமே 190இலிருந்து முப்பதுக்குள் வந்துவிட்டது. ஃபாண்ட்ஸ் கோப்பைப் பழைய வடிவிலேயே விட்டுச் சோதித்தபோது அது 240இலிருந்து 180க்குத்தான் இறங்கியது. வாஃப் ஏற்கெனவே உள்ளுக்குள் சுருக்கப்பட்ட ஒன்று. பேஸ்64 கூட்டியதை மட்டுமே ஜிஜிப்பால் திரும்பப் பெற முடிந்தது.

பூட்ஸ்ட்ராப்பின் பத்திக் கட்டமைப்பை எடுத்துவிட்டு, சிஎஸ்எஸ் கிரிட்டில் பதினான்கு வரிகள் எழுதினோம். நான்கு சின்னங்களையும் எஸ்விஜி படங்களாக எச்டிஎம்எல்லிலேயே வைத்தோம். ஃபாண்ட் ஆசம் மொத்தமாக வெளியேறியது. ரசீது அச்சிடும் விதிகளைத் தனிக் கோப்பாக்கி, அச்சுக்கு மட்டும் என்று குறித்தோம். அப்படிக் குறித்த கோப்புக்காகத் திரை காத்திருக்காது. அட்டைகள் அசைந்து தோன்றுவதை மகள் விட்டுக்கொடுக்க மறுத்தார், "அது அழகா இருந்துச்சே." அந்த ஒரு அசைவை மட்டும் ஆறு வரிகளில் கையால் எழுதிக் கொடுத்தோம். அது நியாயமான ஆசை, ஆறு வரிக்குத் தகுதியானது.

கஸ்டம் கோப்புதான் நாட்களைத் தின்றது. ரத்து செய்யப்படுகிற விதியையும் ரத்து செய்கிற விதியையும் ஜோடி ஜோடியாகத் தேடி, இரண்டையும் எடுத்துவிட்டு, வேண்டியதை ஒருமுறை எழுதினோம். 'இம்பார்ட்டன்ட்' நானூறிலிருந்து மூன்றுக்கு வந்தது.

மே மாதக் கடைசியில் கணக்கு இப்படி இருந்தது: ஒரே சிஎஸ்எஸ் கோப்பு, விரித்தால் 34 கேபி, ஜிஜிப்பில் 7 கேபி. அதே போன், அதே கட்டுப்பாடு, முதல் எழுத்து 2.7 நொடியில்.

தீர்ந்த புத்தகத்தை விற்றோம்

ஜூன் முதல் வாரம் நேரடித் தளத்தில் ஏற்றினோம். மூன்றாம் நாள் மகளிடமிருந்து போன். பதிப்பு தீர்ந்து, மறுபதிப்பு வராத ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு ஒன்பது ஆர்டர் வந்திருந்தது. பணமும் கட்டியிருந்தார்கள்.

'இருப்பு இல்லை' என்ற நிலையில் உள்ள புத்தகத்தின் பக்கத்தில் 'வாங்கு' பொத்தான் தெரியக்கூடாது. பழைய தளத்தில் அதைச் செய்தது ஒரு சிஎஸ்எஸ் விதி. பிரவுசரில் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட், 'ஸ்டாக்' என்ற சொல்லோடு இருப்பு நிலையை ஒட்டி ஒரு கிளாஸ் பெயரை உருவாக்கி, பொத்தானுக்குப் போடும். அந்தப் பெயருக்கான விதி பொத்தானை மறைக்கும். பர்ஜ்சிஎஸ்எஸ் என்ன செய்கிறதென்றால், எச்டிஎம்எல்லிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் உள்ள சொற்களைப் படித்து, எங்கும் காணப்படாத பெயருள்ள விதிகளை நீக்குகிறது. இந்தப் பெயர் முழுச் சொல்லாக எந்தக் கோப்பிலும் இல்லை, ஓடும்போதுதான் உருவாகிறது. கருவி அதைப் பயனற்றதென்று நீக்கிவிட்டது. பொத்தான் தெரிந்தது. சர்வரும் இருப்பைச் சரிபார்க்காமல் ஆர்டரை ஏற்றுக்கொண்டது.

இருபது நிமிடத்தில் பழைய கோப்புகளுக்குத் திரும்பினோம். ஒன்பது பேரிடமும் மகளே பேசினார். ஆறு பேர் வேறு புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள், மூன்று பேருக்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஒருவர், இரண்டு வருடமாகத் தேடிய புத்தகம் கிடைத்துவிட்டதென்று நினைத்தேன் என்று சொன்னாராம். அதை மகள் எங்களிடம் சொன்னபோது பதில் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு செய்தவை மூன்று. இருப்பைச் சர்வரே பார்த்து, இல்லாத புத்தகத்துக்குப் பொத்தானையே அனுப்பாதபடி மாற்றினோம், ஆர்டர் வரும் இடத்திலும் ஒருமுறை சரிபார்ப்பு. தோற்ற விதி ஒன்று விற்பனையைத் தீர்மானிக்கும் நிலை முதலில் இருந்தே தவறு. நாங்கள் நீக்கியதால் அது வெளிப்பட்டது. ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டி உருவாக்கும் பெயர்களைத் தேடி எடுத்து, நீக்கக்கூடாதவை என்ற பட்டியலில் சேர்த்தோம். மொத்தம் பதினேழு இருந்தன. பிறகு பழைய தளத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெற்றுக் கூடை, தவறான பின்கோடு, தோல்வியடைந்த பணம், இருப்பு இல்லை என்று ஒவ்வொரு நிலையையும் படம் எடுத்து ஒப்பிட்டோம். முன்பு நாங்கள் சோதித்தது எல்லாம் சரியாக நடக்கும் வழியை மட்டும்தான். ஜூலை முதல் வாரம் மறுபடி ஏற்றினோம். கோப்பின் பெயரிலேயே அதன் உள்ளடக்கத்திலிருந்து எடுத்த ஓர் அடையாளத்தைச் சேர்த்ததால் பழைய சேமிப்பு யாருக்கும் குறுக்கிடவில்லை.

ஆகஸ்ட்: ஈரோடு

ஈரோட்டில் அதே க்யூஆர் அட்டை. ஒரு ஞாயிறு மாலை போனேன். கூட்டம் நெருக்கியது, போனில் அதே கதைதான், கோடுகள் நிறைய, வேகம் குறைவு. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர் ஒரு கையால் ஸ்கேன் செய்தார். மூன்று எண்ணுவதற்குள் புத்தகப் பெயர்கள் வந்துவிட்டன. அட்டைப்படங்களின் இடத்தில் சாம்பல் கட்டங்கள். அவர் படங்களுக்குக் காத்திருக்கவில்லை. பெயரைப் பார்த்தே கீழே தள்ளிக்கொண்டு போய் ஒன்றைத் தொட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்து லேசாக அசைந்து உரிமையாளரின் எழுத்துருவுக்கு மாறியது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பதிவுகளில், ஜனவரியில் க்யூஆர் வழியாக வந்தவர்களில் இரண்டாவது பக்கம் ஒன்றைத் திறந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ஈரோட்டில் ஏறக்குறைய பாதிப்பேர். ஊர் வேறு, கூட்டம் வேறு, கொண்டுபோன தலைப்புகளும் வேறு. அத்தனை வித்தியாசத்தையும் சிஎஸ்எஸ் கணக்கில் எழுத முடியாது. ஆனால் சிஎஸ்எஸ் கோப்பு பாதியில் நின்ற வரிகள் பதிவில் அநேகமாக இல்லை. அதை நம்பலாம்.

இன்று செய்தால் மாற்றுவது

ஜனவரி சனிக்கிழமை இரவே ஜிஜிப் வரியைச் சேர்த்திருப்பேன். அப்போது காட்சி முடிந்திருக்கவில்லை. எழுத்துரு ஒட்டப்பட்ட அந்தக் கோப்பின் இணைப்பையும் அன்றிரவே தற்காலிகமாக எடுத்திருக்கலாம்; தமிழ் போனின் எழுத்தில் தெரிந்திருக்கும், பக்கம் திறந்திருக்கும். முழுதாகப் புரிந்துகொண்டு எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்யலாம் என்று நினைத்ததில், மீதி நாட்களில் வந்தவர்களை இழந்தோம். பத்து நிமிட வேலை அது.

நீக்கும் கருவியைக் கடைசியில் ஓட்டியிருப்பேன். முதலில் ஓட்டியதால், எந்த விதி எதற்காக இருந்தது என்று தெரிந்துகொள்ளும் முன்பே அது காணாமல் போனது. கையால் படித்திருந்தால், பொத்தானை மறைக்கும் விதியைப் பார்த்து யாராவது ஒருவர் நின்றிருப்போம்.

எழுத்துரு மாறும்போது வரிகள் துள்ளுவது இன்னும் இருக்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்தின் அகலம் கொஞ்சம் மாறினாலும் ஒரு சொல் அடுத்த வரிக்குப் போய், கீழே உள்ளதெல்லாம் இறங்கும். உடனே கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்துக்குப் போனின் எழுத்தே இருக்கட்டும், அடுத்த பக்கத்திலிருந்து நம்முடையது என்று அமைக்கும் வழி இருக்கிறது. மெதுவான இணைப்பில் வருபவருக்கு அதுதான் நல்லது என்று இப்போது நினைக்கிறேன். உரிமையாளரிடம் பேச வேண்டும்.

சிஎஸ்எஸ் மறுபடி ஊதாமலிருக்க ஒரு தடை வைத்திருக்கிறோம்: சுருக்கிய கோப்பு 12 கேபியைத் தாண்டினால் தளத்தில் ஏறாது. பார்சல் பார்க்கும் இளைஞர் சென்ற மாதம் அதில் ஒருமுறை மாட்டினார். பொங்கல் சலுகைக்கு ஒரு பட்டை செய்ய எங்கோ பார்த்த விதிகளை மொத்தமாக ஒட்டியிருந்தார். தடை காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இருவரும் உட்கார்ந்து பார்த்ததில் தேவைப்பட்டவை ஒன்பது வரிகள். மற்றவற்றை அவரே நீக்கினார்.